குருதி சொல்லும் சாட்சியம்: மரபணு ஆய்வும் நம் திருமணங்களும்



அண்மைக் காலச் செய்திகளுள் மூன்றை ஒன்றாக வைத்துப் பார்க்க விரும்புகின்றோம். முதலாவது, நடுவண் அரசின் 'விக்யான் ஸ்ரீ' விருது. 2025-ஆம் ஆண்டுக்குரிய இவ்விருதினை உயிரியல் துறையில் பெற்றவர் தமிழகத்தைச் சேர்ந்த மூலக்கூறு உயிரியலாளர் முனைவர் குமாரசாமி தங்கராஜ். இரண்டாவது, மக்கள் தொகைக் கணக்கெடுப்பு. 2027 மார்ச் 1-ஆம் நாளை அடிப்படையாகக் கொண்ட கணக்கெடுப்பில் எல்லாரிடமும் சாதியையும் கேட்டுப் பதிவு செய்வது என்று நடுவண் அமைச்சரவை 2025 ஏப்ரல் 30 அன்று முடிவு செய்தது. அனைத்துச் சாதியினரையும் எண்ணிய முழுமையான கணக்கெடுப்பு நம் நாட்டில் கடைசியாக நடந்தது 1931-இல். மூன்றாவது செய்தி துயரமானது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில், வேறு சாதிப் பெண்ணோடு பழகியதற்காகத் தலித் இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அதன் பின்னர் அக்டோபரில், ஆணவக் கொலைகளைத் தடுக்கும் சட்டம் குறித்துப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதியரசர் கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் ஒன்றைத் தமிழக அரசு அறிவித்தது.

அறிவியல் விருது, அரசின் கணக்கெடுப்பு, சாலையோரக் கொலை. இவற்றுக்குள் என்ன தொடர்பு என்று கேட்கலாம். யார் யாரை மணந்துகொள்ளலாம் என்ற ஒரே கேள்விதான் மூன்றிலும் அடிநாதமாக ஒலிக்கின்றது. முனைவர் தங்கராஜும் அவருடைய தோழர்களும் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்துவந்த ஆய்வு அந்தக் கேள்விக்கு வரலாற்றுச் சான்று ஒன்றை நம் கையில் தந்திருக்கின்றது. அந்தச் சான்று நம் பங்குகளுக்கும் குடும்பங்களுக்கும் என்ன சொல்கின்றது எனச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐதராபாத்தில் தொடங்கிய பயணம்

ஐதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் நம் நாட்டின் தலைசிறந்த ஆய்வுக்கூடங்களுள் ஒன்று. இந்தியாவில் டிஎன்ஏ கைரேகை முறையை நிலைநாட்டிய முனைவர் லால்ஜி சிங் அங்குதான் பணியாற்றினார். 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி படுகொலை வழக்கிலும் அவருடைய சோதனைகள் பயன்பட்டன. திருச்சி மக்களுக்கு இன்னொரு வழக்கும் நினைவிருக்கும். நம் ஊருக்குத் தெற்கே விராலிமலைப் பகுதியில் இருந்த ஆசிரமம் ஒன்றில் இளம்பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமை பற்றிய வழக்கில், ஐதராபாத் ஆய்வகத்தின் டிஎன்ஏ சோதனை வலுவான சான்றாக நின்றது. 1997-இல் ஆசிரமத் தலைவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வாய் பேச முடியாத எளியோருக்காக அவர்களுடைய குருதியே சாட்சி சொன்ன வழக்கு அது.

லால்ஜி சிங்கோடு இணைந்து பணியாற்றியவர் தங்கராஜ். அவருடைய கவனம் ஒரு மனிதரை அடையாளம் காண்பதிலிருந்து ஒரு மக்கள் கூட்டத்தின் வரலாற்றைப் படிப்பதற்கு விரிந்தது. அந்தமான் தீவுகளின் பழங்குடியினர் எங்கிருந்து வந்தவர்கள் என்பதை ஆராய்ந்து 2005-இல் 'சயின்ஸ்' இதழில் அவர் குழு வெளியிட்ட கட்டுரை உலகின் கவனத்தை ஈர்த்தது. ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்கள் வெளியேறிப் பரவிய மிகப் பழைய பயணங்களின் வழித்தோன்றல்களாக அந்தச் சிறு இனங்கள் நெடுங்காலம் தனித்து வாழ்ந்தன என்பதை, தாய்வழியாக மட்டுமே கடத்தப்படும் மரபணுத் தொகுதியைக் கொண்டு அவர்கள் காட்டினார்கள். சில நூறு பேர் மட்டுமே எஞ்சியிருக்கும், யாரும் பொருட்படுத்தாத ஒரு மக்களினம் மனித குல வரலாற்றின் முதல் ஏடுகளைத் தன் உடலில் சுமந்துகொண்டிருக்கின்றது என்பது நம்மைப் பணிவுகொள்ளச் செய்யும் உண்மை.

பின்னர் ஐதராபாத்திலேயே உள்ள டிஎன்ஏ கைரேகை மற்றும் நோயறி மையத்தின் இயக்குநராகவும் அவர் பணியாற்றினார். சுமார் 10,000 இந்தியர்களின் முழு மரபணுத் தொகுதியையும் படித்தறிந்த 'ஜீனோம் இந்தியா' திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர்களுள் அவரும் ஒருவர். 80-க்கும் மேற்பட்ட சமூகக் குழுக்களிலிருந்து திரட்டப்பட்ட அந்தத் தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களின் பயன்பாட்டுக்கு வழங்கப்பட்டன.

கலப்பும் கதவடைப்பும்

அவருடைய ஆய்வுகளுள் நம் சிந்தனைக்கு மிக நெருக்கமானது 2009-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் ரைக் குழுவினரும் ஐதராபாத் குழுவினரும் இணைந்து செய்த ஆய்வு அது. இந்தியாவின் 25 சமூகக் குழுக்களைச் சேர்ந்த 132 பேரின் மரபணுக்களில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களை ஒப்பிட்டார்கள். முடிவு தெளிவாக இருந்தது. இந்தியப் பெருநிலத்தில் ஆராயப்பட்ட ஏறத்தாழ எல்லாக் குழுக்களும், உயர்ந்தோர் எனப்பட்டோரும் தாழ்ந்தோர் எனப்பட்டோரும் பழங்குடியினரும், பழைய மூதாதை மரபுகள் இரண்டின் கலப்பிலிருந்து வந்தவர்கள். விகிதம் கூடலாம், குறையலாம். கலப்பே இல்லாத குழு என்று எதுவும் இல்லை. தொல்லுயிர் எலும்புகளிலிருந்து எடுத்த மரபணுக்களையும் சேர்த்து 2019-இல் வெளிவந்த பெரிய ஆய்வு, அந்த மூதாதை மரபுகள் மூன்று பழைய ஊற்றுகளிலிருந்து வந்தவை என்று மேலும் விரித்துரைத்தது. இந்நிலத்தின் ஆதி வேட்டுவர், ஈரானியப் பகுதியோடு தொடர்புடைய பழைய மக்கள், மைய ஆசியப் புல்வெளிகளின் ஆயர்கள் ஆகியோரே அந்த மூன்று ஊற்றுகள்.

2013-இல் அடுத்த படி. 73 குழுக்களை ஆராய்ந்த பிறகு, இந்தக் கலப்பு ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்னிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை பரவலாக நடந்தது என்று கணக்கிட்டார்கள். அதாவது, ஒரு காலம்வரை இந்நாட்டு மக்கள் ஒருவரோடொருவர் தாராளமாகக் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தார்கள். பிறகு கதவுகள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டன. தன் குழுவுக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கம் இறுகியது.

காலக் கணிப்பில் ஆய்வாளர்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் தமிழகத்தின் 12 பழங்குடிக் குழுக்களையும் 19 பிற குழுக்களையும் சேர்ந்த 1,680 ஆண்களின் தந்தைவழி மரபணுவை ஆராய்ந்து 2012-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். குழுக்களுக்கிடையிலான வேறுபாடு சாதி முறைக்கும் முந்தியது, வேளாண்மை பரவிய காலத்தோடு தொடர்புடையது என்பது அவர்கள் கருத்து. எது எப்படியாயினும், இந்த ஆய்வுகள் எதிலும் 'தூய இரத்தம்' என்று ஒன்று தட்டுப்படவில்லை.

ஸ்ரீரங்கத்தில் வாழ்வோருக்கு இதை எளிதில் விளக்கலாம். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளைக்குக் கொள்ளிடம் என்று பெயர், மற்றதற்குக் காவிரி என்றே பெயர். ஒன்றில் நீராடினால் புண்ணியம் என்பார்கள், மற்றதை வெள்ள வடிகால் என்பார்கள். இரண்டிலும் ஓடுவது குடகிலிருந்து வந்த அதே நீர்தான்; வழியில் ஏமாவதி, கபினி, பவானி, நொய்யல், அமராவதி என்று எத்தனையோ ஆறுகள் அதில் கலந்திருக்கின்றன. கரையில் நின்று பெயர் வைப்பது மனிதரின் வேலை. நீருக்கு அந்தப் பெயர்கள் தெரியாது.

அடைத்த கதவின் விலை

கதவடைப்பின் விளைவு வரலாற்றோடு முடிந்திருந்தால் அது வெறும் ஏட்டுச் செய்தியாக இருந்திருக்கும். 2017-இல் 'நேச்சர் ஜெனிடிக்ஸ்' இதழில் தங்கராஜும் தோழர்களும் வெளியிட்ட கட்டுரை அதன் இன்றைய விலையைக் கணக்கிட்டது. தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட குழுக்களைச் சேர்ந்த 2,800-க்கும் அதிகமானவர்களின் மரபணுக்களை ஆராய்ந்தார்கள். அவற்றுள் 81 குழுக்கள், மரபு நோய்களுக்குப் பெயர்போன பின்லாந்து மக்களையும் ஐரோப்பிய யூதர்களையும் விட நெருக்கமான வட்டத்துக்குள்ளிருந்து பெருகியவை என்று தெரிந்தது. அவற்றுள் 14 குழுக்கள் ஒவ்வொன்றிலும் இன்று பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கின்றார்கள்.

இதன் பொருள் என்ன? ஒரு சில குடும்பங்களிலிருந்து ஒரு கூட்டம் பெருகுகின்றது என்று வைத்துக்கொள்வோம். அந்த முதல் குடும்பத்தாருள் ஒருவரிடம் பழுதுபட்ட மரபணு ஒன்று இருந்தால், அது சந்ததிகள் பலரிடம் மறைந்து கிடக்கும். ஒற்றையாக இருக்கும்வரை பெரும்பாலும் தீங்கு செய்யாது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் அதே பழுது ஒரே குழந்தைக்கு வந்து சேரும்போதுதான் நோய் வெளிப்படும். பெற்றோர் இருவரும் அந்தப் பழுதைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. வெளியிலிருந்து நீர் வராத குளத்தில் விழுந்த கசடு அந்தக் குளத்திலேயே கிடப்பதைப் போன்றது இது.

மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர்கள் அறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. வைசிய சமூகத்தாருள் சிலருக்கு ஒரு குறிப்பிட்ட நொதி குறைவாக இருக்கும். அறுவை சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்து அவர்கள் உடலில் விரைவில் கரையாது. மூச்சு திரும்ப நெடுநேரமாகும். முன்கூட்டியே தெரிந்தால் எளிதில் தவிர்க்கக்கூடிய ஆபத்து இது. வேறு குழுக்களில் வேறு பழுதுகள் உண்டு. எல்லாருக்கும் பொதுவானவையும் உண்டு. இதயத் தசையை நடுவயதுக்குப் பிறகு தளரச் செய்யும் மரபணு மாற்றம் ஒன்று தெற்காசியரில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருப்பதை 2009-இல் கண்டறிந்த குழுவிலும் தங்கராஜ் இருந்தார். நோய்க்கு எந்தச் சாதியும் விலக்கல்ல. ஆகவே இதைக் கொண்டு எந்தச் சமூகத்தையும் இழிவாகப் பேச யாருக்கும் உரிமையில்லை.

தமிழகத்தில் இதோடு இன்னொன்றும் சேர்கின்றது. அக்காள் மகள், மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள் மணம் முடிப்பது. அண்மைய தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் இரத்த உறவுக்குள் நடந்தவை. மாமனும் அக்காள் மகளும் தம் மரபணுக்களில் சராசரியாக நான்கில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள். மாமன் மகளும் அத்தை மகனும் எட்டில் ஒரு பங்கை. எனினும் சொந்தத்தில் முடிக்காவிட்டால் போதும் என்று நினைப்போருக்கு 2017-ஆம் ஆண்டின் ஆய்வு ஒரு புதிய செய்தி சொல்கின்றது. உறவு இல்லை என்று நாம் நினைக்கும் இருவர்கூட, ஒரே சிறு சாதிக்குள் பிறந்தவர்களானால், பல தலைமுறைகளுக்கு முந்திய அதே மூதாதையரைப் பகிர்ந்துகொண்டவர்களாக இருக்கலாம்.

திருஅவையின் சட்டமும் அதன் நோக்கமும்

இங்கே நம் திருஅவையின் மரபை நினைவுகூர்வது பொருத்தமானது. திருஅவைச் சட்டத் தொகுப்பின் 1091-ஆம் எண், பக்கக் கிளையில் நான்காம் தலைமுறைப் படிவரை இரத்த உறவுத் திருமணம் செல்லாது என்கின்றது. மாமன் - அக்காள் மகள் உறவு மூன்றாம் படி. மாமன் மகள் - அத்தை மகன் உறவு நான்காம் படி. ஆயரின் விதிவிலக்குப் பெற்றால்தான் இத்தகைய திருமணங்களைக் கோவிலில் நடத்த முடியும். ஓலை வாசிக்கும்போது 'இரத்த உறவுத் தடைக்கு விதிவிலக்குப் பெறப்பட்டுள்ளது' என்பதைக் கேட்டுப் பழகியவர்கள்தான் நாம். பலருக்கு அது தாண்டிச் செல்ல வேண்டிய ஓர் அலுவலகச் சடங்கு மட்டுமே.

மரபணு என்ற சொல்லே பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே திருஅவை இந்தத் தடையை ஏன் வைத்தது? புனித அகுஸ்தினார் 'இறைவனின் நகர்' என்னும் தம் பெருநூலில் இதற்கு ஆழமான காரணம் ஒன்றைத் தருகின்றார். அவர் கருத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: ஒரே ஆள் நமக்கு மாமனாகவும் மாமனாராகவும் இருந்தால் அன்பின் இரண்டு கயிறுகள் ஒருவரிடமே கட்டப்பட்டுவிடுகின்றன, வெளியே மணம் செய்தால் அந்தக் கயிறுகள் இரு வீடுகளை, இரு கூட்டங்களைப் பிணைக்கின்றன. அன்பு பலரிடமும் பரவ வேண்டும் என்பதற்காகவே நெருங்கிய உறவில் மணம் விலக்கப்பட்டது.

இந்த நோக்கத்தை ஏற்றுக்கொண்டால், அதைச் சாதியின் வாசலில் நிறுத்திவிட முடியாது. உறவுக்குள் முடங்கும் அன்பு குறைவுள்ளது என்றால், சாதிக்குள் முடங்கும் அன்பும் அப்படித்தானே? இரத்த உறவுத் தடைக்கு மனுப்போட்டு விதிவிலக்குப் பெறும் நம் குடும்பங்கள், சாதி என்னும் தடைக்கு மட்டும் விதிவிலக்கே இல்லை என்று பிடிவாதமாக நிற்பது எவ்வளவு பெரிய முரண்பாடு! திருஅவைச் சட்டம் எழுதாத தடையை நாம் கல்லில் வெட்டி வைத்திருக்கின்றோம். அது எழுதிய தடையைத் தாளில் தாண்டிச் செல்கின்றோம்.

நம் வரலாறும் நமக்கு ஆறுதலாக இல்லை. மதுரை மறைபரப்புத் தளத்தில் பல்வேறு சாதியினருக்குத் தனித்தனிக் குருக்கள் இருந்த காலம் உண்டு. வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டப்பட்ட கோவில், இரு சாதியினர் ஒருவரையொருவர் பார்க்காமல் பூசை காணும்படி இரு கிளைகளாக அமைக்கப்பட்டது. நடுச்சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. கல்லறைத் தோட்டத்துக்குள் சுவர் எழுப்பப்பட்ட ஊர்கள் உண்டு. மண்ணுக்குள் மட்கிப்போகும் உடலுக்கும் சாதி பார்த்த சுவர்கள் அவை. 2003 நவம்பரில் உரோமை சென்ற தமிழக ஆயர்களிடம் புனித இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களுக்கிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட இருத்தலாகாது என்று கண்டிப்போடு வலியுறுத்தினார். பவுலடியார் கலாத்தியருக்கு எழுதியபோது இனம், அடிமைநிலை, பாலினம் என்னும் பிரிவுகள் திருமுழுக்கின் நீரில் கரைந்துவிட்டன என்றார். நம்மிடம் அந்த நீர் தலையை நனைத்தது. பெண் பார்க்கும் திண்ணைவரை வந்து சேர்ந்ததா?

ஸ்ரீரங்கத்து மண்ணிலேயே நமக்கொரு பாடம் இருக்கின்றது. இராமானுசர் காவிரிக்கு நீராடச் செல்லும்போது உயர்குலச் சீடர் ஒருவரின் தோளில் கைவைத்துச் செல்வாராம். நீராடித் திரும்பும்போது, குலத்தால் தாழ்ந்தவர் எனப்பட்ட உறையூர் உறங்காவில்லி தாசரின் கையைப் பற்றிக்கொண்டு வருவாராம். சுத்தமான பிறகு தாழ்ந்தவரைத் தொடுவதா என்று கேட்டவர்களுக்கு அந்தக் கையே விடையாக இருந்தது என்று வைணவர்கள் இன்றும் சொல்லி மகிழ்கின்றார்கள். நற்கருணை வாங்கிய கையோடு கோவிலை விட்டு வெளியே வரும் நாம், யாருடைய கையைப் பற்றுகின்றோம்?

எச்சரிக்கைகள் மூன்று

அறிவியலைக் கொண்டாடும்போதே சில எச்சரிக்கைகளும் தேவை.

ஒன்று, மனித மாண்பு ஆய்வுக்கூடத்தின் முடிவைப் பொறுத்தது அன்று. மரபணு ஆய்வு மனிதர் அனைவரையும் உறவினர் என்று காட்டுவதில் நாம் மகிழ்கின்றோம். ஒருவேளை வேறுவிதமாகக் காட்டியிருந்தாலும், கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டவர்கள் என்னும் நம் நம்பிக்கை மாறியிருக்காது. கடந்த நூற்றாண்டில் மரபியலின் பெயரால் 'உயர் இனம்' பேசியவர்கள் இழைத்த கொடுமைகளை உலகம் மறக்கவில்லை. இன்றும் தம் சமூகத்தில் எந்த மூதாதையரின் பங்கு எவ்வளவு என்று அளந்து பெருமை பேசுவோர் உண்டு. எல்லாரும் கலந்தவர்கள் என்று சொல்லும் ஆய்வைக் கொண்டே பிரிவினைக்கு ஏணி கட்டுவது விந்தையான முயற்சி.

இரண்டு, நோயைத் தடுக்கும் ஆர்வம் நோயாளியை ஒழிக்கும் ஆர்வமாக மாறிவிடக் கூடாது. மரபியலின் தந்தை எனப்படும் கிரகோர் மெண்டல் அகுஸ்தினார் சபைத் துறவி. பட்டாணிச் செடிகளில் அவர் கண்ட விதிகளை 1865-இல் எடுத்துரைத்தார், 1866-இல் அச்சிட்டார். டவுன் நோய்க்கூறுக்குக் காரணமான கூடுதல் குரோமோசோமைக் கண்டறிந்த குழுவில் முக்கியப் பங்காற்றியவர் பிரான்சு நாட்டுக் கத்தோலிக்க மருத்துவர் ஜெரோம் லெஜோன். நோயுள்ள குழந்தைகளுக்கு உதவும் என்று நம்பிய தம் கண்டுபிடிப்பு, அக்குழந்தைகளைக் கருவிலேயே அழிக்கப் பயன்படுவதைக் கண்டு அவர் வருந்தினார். தம் புகழையும் வாய்ப்புகளையும் இழந்தாலும் அந்தக் குழந்தைகளின் பக்கமே நின்றார். 2021-இல் திருஅவை அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது. கருவில் பெண் என்று தெரிந்ததும் அழித்த கொடுமையைக் கண்ட தமிழகத்தில், 'பழுதுள்ள கரு' என்ற பெயரில் அதே கொடுமை திரும்பி வரவிடக் கூடாது.

மூன்று, தகவல் ஒரு சுமையாகவும் மாறலாம். 2023 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்ட அரிவாள் செல் இரத்தசோகை ஒழிப்புத் திட்டம் ஏழு கோடிப் பேரைச் சோதிக்கும் இலக்கோடு அமைந்தது. நோய்க்கூற்றைச் சுமப்பவர் யார் என்பது திருமணத்துக்கு முன்னரே தெரிந்தால், இருவர் அறிந்து முடிவெடுக்கலாம், இது நல்லதே. ஆனால் அந்த அட்டை பெண்ணின் வீட்டார் மட்டும் காட்ட வேண்டியதாகிவிட்டால், சீதனத்தோடு இன்னொரு பாரமும் ஏழைப் பெற்றோரின் தலையில் ஏறும். நோய்க்கூற்றைச் சுமப்பவர் நோயாளி அல்லர், குற்றவாளியும் அல்லர் என்பதை மக்களுக்குப் புரிய வைக்க வேண்டும்.

சாதி பொய் என்றால் எண்ணுவது எதற்கு?

மரபணுவில் சாதித் தூய்மை இல்லையென்றால், கணக்கெடுப்பில் சாதியைக் கேட்பது ஏன் என்று சிலர் கேட்கின்றார்கள். நியாயமான கேள்வி. மரபணு ஆய்வு சாதியை இயற்கை தரவில்லை என்று காட்டுகின்றது. சமூகம் அதைத் தந்தது என்பதையும், அதனால் சிலர் வாழ்ந்தார்கள், சிலர் நசுக்கப்பட்டார்கள் என்பதையும் அதே ஆய்வு மறுக்கவில்லை. மாறாக, அடைத்த கதவுகள் உடலில்கூடத் தடம் பதிக்கும் அளவுக்கு இறுக்கமாக இருந்தன என்று உறுதிப்படுத்துகின்றது. காயத்தை அளந்தால்தான் மருந்திட முடியும்.

தலித் கிறிஸ்தவர்களுக்கு இது வாழ்வுப் பிரச்சினை. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமையை முதலில் இந்துக்களுக்கு மட்டும் தந்தது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் புத்த மதத்தினருக்கும் விரிவாக்கப்பட்டது. கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். இது குறித்து ஆராய நீதியரசர் கே.ஜி.பாலகிருஷ்ணன் ஆணையம் 2022 அக்டோபரில் அமைக்கப்பட்டது. மதம் மாறினால் சாதி போய்விடும் என்பது சட்டத்தின் வாதம். போகவில்லை என்பதற்கு நம் கல்லறைச் சுவர்களைத் தவிர வேறு சான்று வேண்டியதில்லை. நம் உரிமைக்காக அரசிடம் வாதாடும்போது 'எங்களிடம் சாதி இருக்கின்றது' என்று மெய்ப்பிக்க வேண்டியிருக்கின்றது. நற்செய்தியை அறிவிக்கும்போது 'எங்களிடம் சாதி இல்லை' என்று மெய்ப்பிக்க வேண்டியிருக்கின்றது. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் வேதனையை உணர்ந்தவர்கள், கணக்கெடுப்பில் உண்மையைச் சொல்வார்கள். பங்கில் அந்த உண்மையை மாற்றவும் உழைப்பார்கள்.

நாம் செய்யக்கூடியவை

சிந்தித்தால் மட்டும் போதாது. நம் பங்குகளின் எல்லைக்குள்ளேயே செய்யக்கூடியவை சில உண்டு.

திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் மருத்துவர் ஒருவரைக் கொண்டு மரபு நோய்கள் பற்றி எளிய தமிழில் விளக்கலாம். இரத்த உறவு விதிவிலக்குக் கேட்டு வரும் குடும்பங்களோடு, மனுவை எழுதி அனுப்புவதற்கு முன் அமர்ந்து பேசலாம்; பெண்ணின் முழு விருப்பத்தைத் தனியே கேட்டறியலாம். சொத்து வெளியே போகக் கூடாது என்பதற்காக வயதில் மிக மூத்த மாமனுக்கு அக்காள் மகளைக் கட்டிவைக்கும் வழக்கத்துக்குக் கோவில் துணைபோகக் கூடாது.

பங்குகளிலும் மறைமாவட்ட அளவிலும் நடக்கும் மணமாலைப் பதிவேடுகளில் சாதிக்கென்று ஒரு கட்டம் இருந்தால், அதை நீக்கலாம். சாதி கடந்து மணம் முடித்தவர்களை அன்பியக் கூட்டங்களில் ஒதுக்காமல், திருமணத் தயாரிப்பில் பேசுவதற்கே அழைக்கலாம். வீட்டாரின் மிரட்டலுக்கு அஞ்சி வரும் இளைஞர்களுக்குப் பங்கு இல்லத்தின் கதவு திறந்திருக்க வேண்டும். சட்டம் தரும் பாதுகாப்பைப் பெற வழிகாட்டவும் வேண்டும்.

மரபு நோயோடு பிறந்த குழந்தைகள் உள்ள வீடுகளை, 'பெற்றோர் செய்த பாவம்' என்று முணுமுணுக்கும் நாவுகளிலிருந்து காப்பாற்றுவோம். பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டபோது சீடர்கள் கேட்ட அதே கேள்வியை நம் தெருக்களும் இன்றுவரை கேட்கின்றன. அந்தக் கேள்வியை இயேசு ஏற்கவில்லை. பார்வையற்றவரிடம் நெருங்கிச் சென்றார். நாமும் நெருங்கிச் செல்வோம். சிகிச்சைக்காக நெடுந்தொலைவு அலையும் அந்தத் தாய்மாருக்குப் பேருந்துச் செலவும், கூடச் செல்ல ஒரு துணையும், பெரிய போதனைகளை விட உதவும்.

ஆய்வகங்களில் அறிவியலாளர்கள் படித்துக்காட்டுவது எழுத்துக்கள்தான். அவற்றைக் கொண்டு அவர்கள் சொன்ன செய்தி எளியது: நாம் கலந்தவர்கள், பிறகு பிரிந்தவர்கள், பிரிந்ததால் நலிந்தவர்கள். மீண்டும் சேர்வது எப்படி என்பதை எந்த ஆய்வகமும் நமக்குக் கற்பிக்க முடியாது. அது பீடத்தைச் சுற்றிக் கூடும் மக்களின் வேலை. அடுத்த ஞாயிறு நம் கோவிலில் ஓலை வாசிக்கும்போது, 'தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும்' என்ற சொற்கள் காதில் விழும். திருஅவை கேட்காத எந்தத் தடையை நாம் நெஞ்சில் வைத்திருக்கின்றோம் என்று அந்த நேரத்தில் ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்வோம்.

ஒரே தந்தையின் பிள்ளைகளாக நம்மைச் சேர்க்கும் இறைவன், அதற்கான துணிவையும் நமக்குத் தருவாராக.